கடிதத்தில் எழுதிய திகதி



கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் எமது தாலாட்டையும் ஒப்பாரியையும் அரிவுவெட்டுப் பாட்டையும் பற்றியே எழுதி வந்தேன். அவற்றை வாசித்த சகோதரி ஒருவர் கேள்வி ஒன்று கேட்டு எழுதியிருக்கிறார். "ரீச்சர், வேறு நாடுகளிலும் யுத்தம் நடந்ததுதானே. அந்த யுத்தத்துக்குள் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை ஒன்று வளர்ந்து சங்கீதக்காரராக வந்தால், என்ன மாதிரிப் பாட்டை உண்டாக்கும்?"

இதை வாசித்ததும் என் நினைவுக்கு வந்தவர் ஜேர்மனி நாட்டின் கார்ல்ஹைன்ஸ் ஸ்ரொக்ஹவுசன். 2007ஆம் ஆண்டு தமது 79ஆவது வயதில் காலமானவர். இசையமைப்பாளர், அதே அளவுக்கு ஆசிரியர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் புதிய இசை என்று சொல்லப்படுவதைப் பற்றிப் பேசுகிற எவரும் இவருடைய பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆனால் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவருடைய இசை காதுக்கு இனிமையான இசை அல்ல. எனக்கே அதிற் சில பிடிக்கும், சில பிடிக்காது. அதனால் முதலில் வாழ்க்கையைப் பார்ப்போம். இசைக்குப் பிறகு வருவோம்.

1928 ஓகஸ்ட் 22ஆந் திகதி, கொலோன் நகருக்கு அண்மையில் உள்ள மோட்றாத் என்ற இடத்தில் அவர் பிறந்தார். தகப்பனார் சீமோன் ஊர்ப் பாடசாலை ஆசிரியர். தாயார் கேர்ட்ரூட், கமக்காரக் குடும்பத்துப் பெண். பியானோ வாசிப்பார், பாடுவார். வருமானம் குறைந்த வீடு. அடுத்தடுத்த ஆண்டுகளில் மூன்று பிள்ளைகள் பிறந்தன. இதை வாசிக்கிற உங்களிற் பலருக்கு அந்த மூன்று வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தாயாரின் மனம் தளர்ந்தது. 1932 டிசெம்பரில் அவரை மனநோயாளர் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். மூத்தவனான கார்ல்ஹைன்சுக்கு அப்போது நான்கு வயது. கடைசித் தம்பி சிறு வயதிலேயே இறந்துவிட்டான். தகப்பனார் பின்னர் வீட்டு வேலைக்கு இருந்த பெண்ணை மறுமணம் செய்தார்.

தாயார் திரும்பி வரவில்லை.

1941இல் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கேர்ட்ரூட் இரத்தப் புற்றுநோயினால் யூன் மாதம் 16ஆந் திகதி இறந்துவிட்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது. நோயும் பொய், திகதியும் பொய். ஹிட்லரின் ஆட்சி, மனநோயாளரையும் அங்கவீனரையும் "வாழத் தகுதியற்றவர்கள்" என்று தீர்மானித்து, அவர்களைக் கொல்வதற்கென்று ஆறு நிலையங்களை அமைத்திருந்தது. அவற்றில் ஒன்று ஹடமார் என்ற சிற்றூரின் வைத்தியசாலை. வேறு வைத்தியசாலைகளில் இருந்த நோயாளரை பஸ்களில் ஏற்றிக் கொண்டுவந்து, கீழ்த்தளத்தில் குளியலறை போலக் கட்டிய அறைக்குள் விட்டு நச்சுவாயுவால் கொன்றார்கள். 1941 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரையான எட்டு மாதங்களுக்குள் அங்கு மட்டும் ஏறத்தாழ 10,000 பேர். ஆறு நிலையங்களிலுமாக 1940, 1941 ஆண்டுகளில் 70,000க்கு மேற்பட்டோர்.

பல வருடங்கள் கழிந்த பின்னர், ஹடமாருக்கு அருகில் உள்ள மொன்ராபவர் என்ற ஊரின் இசைப் பாடசாலை மாணவி ஒருவர் பழைய ஆவணங்களைத் தேடி ஆராய்ந்தார். கேர்ட்ரூட் இறந்தது யூன் 16 அல்ல, மே 27 என்று அவர் கண்டுபிடித்தார். அன்று அதே அறையில் அவருடன் இறந்தவர்கள் வேறு 89 பேர்.

ஏன் திகதியை மாற்றினார்கள்? ஒரே நாளில் ஒரே இடத்தில் இத்தனை பேர் இறந்ததாகக் கடிதங்கள் போனால், அக்கம்பக்கத்தார் தமக்குள் பேசிச் சந்தேகப்படுவார்கள். ஆகவே பொய்ச் சான்றிதழ் எழுதுவதற்கென்றே அலுவலர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு நோய், ஆளுக்கொரு நாள் என்று பிரித்து எழுதினார்கள். இன்னுமொரு காரணமும் உண்டு. இறந்தவரை மேலும் சில நாட்கள் உயிருடன் வைத்திருந்ததாகக் கணக்குக் காட்டினால், அந்த நாட்களுக்கும் பராமரிப்புச் செலவு அறவிடலாம். இதை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

எமது வீடுகளில் ஒருவர் இறந்த திகதி எவ்வளவு பெரிய விடயம் என்பது உங்களுக்குத் தெரியும். திகதி இருந்தால்தான் திதி பார்க்கலாம், படையல் வைக்கலாம், விளக்குக் கொளுத்தலாம். திகதி தெரியாமல் இருக்கிற வீடுகள் எத்தனை! அந்த ஜேர்மன் வீட்டிலோ திகதி இருந்தது, முத்திரை குத்திய கடதாசியில் இருந்தது. ஆனால் அது இருபது நாள் தள்ளிப்போட்ட பொய்த் திகதி.

தகப்பனாரின் கதை வேறு விதம். அவர் படைக்குப் போனார். 1945 பெப்ரவரியில் விடுமுறையில் வந்தபோது, அல்ரன்பேர்க் என்ற ஊரில் மகனைச் சந்தித்தார். தான் இனித் திரும்பி வரப்போவதில்லை என்றும், வீட்டுக் காரியங்களை மகனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிறகு செய்தி இல்லை. ஹங்கேரியில் இறந்திருக்கலாம் என்றார்கள். காயப்பட்டுக் கிடந்ததைத் தான் கண்டதாக உடன் இருந்த ஒருவர் பின்னர் சொன்னார். யுத்தம் முடிந்தபோது பதிவேட்டில் அவருடைய பெயர் காணாமற் போனோர் வரிசையில் இருந்தது. ஆக, தாய்க்குப் பொய்யான ஒரு கடிதம், தகப்பனுக்கு எந்தக் கடிதமும் இல்லை.

அந்தப் பையன் இதற்கிடையில் என்ன செய்துகொண்டிருந்தான்? 1942 ஜனவரியில் சான்ரன் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக்கான விடுதிப் பாடசாலைக்குப் போனான். அங்கே பியானோவுடன் ஓபோ என்ற ஊதுகருவியையும் வயலினையும் படித்தான். 1944 இலையுதிர்காலத்தில், வயது பதினாறு ஆனதும் ஆகாததுமாக, பெட்பூர்க் என்ற இடத்திலிருந்த யுத்தகால வைத்தியசாலையில் ஸ்ரெச்சர் தூக்கும் வேலைக்குப் பிடித்து அனுப்பப்பட்டான். விமானக் குண்டுவீச்சில் காயப்பட்டவர்கள், பொஸ்பரஸ் குண்டில் முகம் எரிந்தவர்கள் என்று வந்துகொண்டேயிருந்தார்கள். வாய் இருக்கும் இடத்தைத் தேடி, வைக்கோற் குழாயால் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்ததைப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் நான் விபரிக்கவில்லை. இதை வாசிப்பவர்களில் ஸ்ரெச்சரே இல்லாத இடங்களில், கதவுப் பலகையிலும் சேலையிலும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள்.

இனி இசைக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஜேர்மனியின் வானொலியில் அணிநடைப் பாட்டு அடிக்கடி ஒலித்தது. இடம் வலம், இடம் வலம் என்று பூட்ஸ் காலின் தாளம். மக்களை ஒரே அடியில் நடக்க வைப்பதற்கு அதைப்போல வசதியான கருவி வேறில்லை. அதைக் கேட்டுக் கேட்டே, சீராக அடித்துக்கொண்டு போகும் தாளத்தின் மேல் தமக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று ஸ்ரொக்ஹவுசன் சொல்லியிருக்கிறார். அவருடைய இசையிற் பெரும்பகுதியில் நாம் கால் தட்டக்கூடிய தாளம் இல்லாதிருப்பதற்கு இது ஒரு காரணம். தாளம் தெரியாமல் அல்ல, தாளத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கண்டதனால்.

தாளத்தையே இசையின் தந்தை என்று படித்து வந்த எனக்கு இது முதலிற் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டைக் கேட்டவுடன் எழுந்து போய் வானொலியை நிறுத்துகிற பெண்களை எனக்குத் தெரியும். பாட்டில் ஒரு குற்றமும் இராது. அது ஒலித்த நேரத்திலும் இடத்திலும் நடந்தவைதான் காரணம்.

யுத்தம் முடிந்ததும் அநாதையாக நின்ற இளைஞர் முதலிற் செய்தது தோட்ட வேலை. ஒரு கமக்காரரிடம் கூலிக்கு இருந்தார். பின்னர் பள்ளிப் படிப்பை முடித்து, 1947இல் கொலோன் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த நகரின் பெரும்பகுதி அப்போது இடிபாடு. அவர் அங்கு படித்தது பியானோவும், பாடசாலையில் இசை கற்பிப்பதற்கான பயிற்சியும். அதாவது எங்களைப்போல சங்கீத ரீச்சராக வருவதற்கான படிப்பு. செலவுக்குப் பணம் வேண்டும். இரவில் மதுச்சாலைகளில் பியானோ வாசித்தார். ஒரு மந்திரவித்தைக்காரருடன் ஊரூராகப் போய், அவர் வித்தை காட்டும்போது பின்னால் இருந்து வாசித்தார். இந்தப் பகுதியை நான் மாணவிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். பெரிய இசைமேதை என்று படத்திற் பார்க்கிறவர் முயல் வெளியே வரும் நேரத்துக்கு மெட்டுப் போட்டவர்!

1952இல் பாரிசுக்குப் போய் ஒலிவியே மெஸ்ஸியான் என்ற புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் பாடங் கேட்டார். 1953 முதல் கொலோன் வானொலி நிலையத்தின் மின்னணு இசைக் கூடத்தில் வேலை. வீணையோ வயலினோ இல்லாமல், கருவிகளால் ஒலியையே புதிதாக உண்டாக்கி, அதை ஒலிநாடாவில் பதிந்து, வெட்டி, ஒட்டிச் செய்கிற இசை அது. இன்று கைத்தொலைபேசியிலேயே எல்லாம் செய்யலாம். அன்று ஒரு விநாடி இசைக்கு நாள்கணக்கில் கத்தரியும் ஒட்டும் தாளுமாக உட்கார வேண்டும். தையல் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை விளங்கும்.

அங்கு அவர் செய்தவற்றில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. "இளைஞர்களின் பாடல்" என்று தமிழிற் சொல்லலாம். 1956 மே 30ஆந் திகதி கொலோன் வானொலி மண்டபத்தில் முதன்முதலாக ஒலிபரப்பிக் காட்டப்பட்டது. பதின்மூன்று நிமிடங்களும் சில விநாடிகளும் மட்டுமே. விவிலியத்தின் தானியேல் ஆகமத்தில் மூன்று இளைஞர்களை அரசன் எரிகிற சூளைக்குள் போடுவிக்கிறான், அவர்கள் எரியாமல் உள்ளே நின்று இறைவனைத் துதிக்கிறார்கள் என்ற கதை வருகிறது. அந்தத் துதியைப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடச் செய்து பதிந்தார். பிறகு அந்தக் குரலைச் சொல்லாகவும் எழுத்தாகவும் துண்டுதுண்டாக்கி, கருவி பிறப்பித்த ஒலிகளுடன் கலந்தார். சில இடங்களில் சொல் தெளிவாகக் கேட்கும். சில இடங்களில் நூறு பிள்ளைகள் தூரத்தில் நின்று கூப்பிடுவது போல இருக்கும். சில இடங்களில் இது பிள்ளையின் குரலா கருவியின் ஒலியா என்று பிரிக்க முடியாது. மண்டபத்தைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கித் தொகுதிகளை வைத்து, குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடும்படி செய்திருந்தார். முதலில் இதைக் கொலோன் தேவாலயத்தில் ஒலிக்கச் செய்யவே அவர் விரும்பியிருந்தார். ஒலிபெருக்கிக்குத் தேவாலயத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

முகம் எரிந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பையன், பதினொரு வருடங்களின் பின் நெருப்புக்குள் எரியாமல் நிற்கும் பிள்ளைகளின் குரலைத் தேடிப் போகிறார். அவர் இதை இப்படி இணைத்துச் சொன்னாரோ இல்லையோ, நான் அந்தப் பதிவைக் கேட்கும்போது அப்படித்தான் கேட்கிறேன்.

பிறகு அவருடைய புகழ் வேகமாக வளர்ந்தது. 1958இல் மூன்று வாத்தியக் குழுக்களையும் மூன்று நெறியாளர்களையும் சபையோரின் மூன்று பக்கங்களிலும் வைத்து ஓர் ஆக்கம். 1967இல் பீற்றில்ஸ் பாடகர்களின் பிரபல இசைத்தட்டு உறையில் பல பிரமுகர்களின் படங்களோடு இவருடைய முகமும் வந்தது. 1970இல் ஜப்பானின் ஒசாக்கா கண்காட்சியில் பந்து வடிவில் கட்டிய மண்டபத்தில் 183 நாட்கள் இவருடைய இசை ஒலித்தது. எமது நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1968 முதல் 1970 வரை, சுரம் எழுதாமல் சில வசனங்களை மட்டும் எழுதி, அவற்றை வாசித்து மனதில் எழுவதை இசைக்கும்படி பதினேழு சிறு ஆக்கங்களைச் செய்தார். அவற்றில் ஒன்றின் பெயர் "சிலோன்". அதன் ஒலிப்பதிவில் கண்டி மேளம் வாசிக்கப்படுகிறது.

பிடிக்காததையும் எழுத வேண்டும் அல்லவா? 1995 யூன் மாதம் அம்ஸ்ரர்டாமில் இவருடைய புதிய ஆக்கம் ஒன்று அரங்கேறியது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வாசிக்கும் நால்வரும் நான்கு ஹெலிகொப்ரர்களில் ஏறி ஆகாயத்தில் பறந்துகொண்டே வாசிக்க, அந்த ஒலியும் விசிறிகளின் இரைச்சலும் கலந்து கீழே மண்டபத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. கனவில் வந்த எண்ணம் என்று அவர் சொன்னார். ஹெலிகொப்ரர்களைத் தந்தது ஒல்லாந்து விமானப்படை. உலகெங்கும் இதை வியந்து பேசினார்கள். நான் இரண்டு தடவை கேட்க முயன்றேன். விசிறிச் சத்தம் தொடங்கியதும் என் கை தானாகவே நிறுத்தியை அழுத்திவிட்டது. ஹெலி என்றால் வீட்டுக்குள் இருக்காதே, மரத்துக்குக் கீழே ஓடு என்று பழகிய உடம்பு அது. குண்டுவீச்சுக்குள் வளர்ந்த ஒருவர் எப்படி அந்த ஒலியை இசையாகக் கேட்டார்? அவர் வெறுத்தது அணிநடைத் தாளத்தை, நான் நிறுத்துவது விசிறிச் சத்தத்தை. ஆளுக்கொரு ஒலி பூட்டிக் கிடக்கிறது போலும்.

இதைவிடக் கடினமானது 2001இல் நடந்தது. நியூயோர்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டு ஐந்தே நாட்களின் பின், ஹம்பேர்க் நகரில் பத்திரிகையாளர்கள் அதைப்பற்றிக் கேட்டபோது, அதைப் பெருங் கலைப்படைப்பு என்ற விதமாகப் பேசிவிட்டார். தீய சக்தியான லூசிபரின் செயலைத்தான் அப்படிக் குறிப்பிட்டேன் என்று விளக்கம் சொன்னார். அங்கு நடக்கவிருந்த அவருடைய கச்சேரிகள் நிறுத்தப்பட்டன. நான் அவருக்காக வாதாடப் போவதில்லை. உறவினரின் உடலைத் தேடிக்கொண்டு மக்கள் தெருவில் நிற்கும்போது சொல்லத் தகாத வார்த்தை அது. பறிகொடுத்த ஒருவர் மற்றவரின் இழப்பை எப்போதும் சரியாக உணர்வார் என்று நாம் நினைக்கிறோம். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

ஆனால் அவருடைய சொந்த இழப்பை அவர் எப்படிச் சொன்னார் என்பதை எழுதாவிட்டால் சகோதரியின் கேள்விக்குப் பதில் சொன்னதாகாது. அவர் இசையமைக்கத் தொடங்கி ஏறத்தாழ முப்பது வருடங்கள் தாயின் கதை மேடைக்கு வரவில்லை. 1977இல் "ஒளி" என்ற பெயரில் ஏழு இசை நாடகங்களை எழுதத் தொடங்கினார். வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு நாடகங்கள். முடித்தது 2003இல். இருபத்தாறு வருட வேலை. ஏழையும் சேர்த்துப் பார்க்க ஏறத்தாழ 29 மணித்தியாலங்கள் வேண்டும்.

முதலில் எழுதி முடித்தது வியாழன். 1981இல் இத்தாலியின் மிலான் நகரில் லா ஸ்காலா அரங்கில் மேடையேறியது. அதன் முதலாம் அங்கத்தில் மைக்கேல் என்ற சிறுவனின் குழந்தைப் பருவம் வருகிறது. ஏழை ஆசிரியரான தகப்பன். பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுக்கும் தாய். தம்பி இறக்கிறான். தாய் மனம் பேதலிக்கிறாள், அவளைக் கொண்டு போகிறார்கள். தகப்பன் யுத்தத்துக்குப் போகிறான். மனநோயாளர் விடுதியில் வைத்தியர் ஒருவர் ஊசி போட்டுத் தாயைக் கொல்கிறார். தகப்பன் போர்முனையில் விழுகிறான். கடிதத்தில் எழுதிய இரத்தப் புற்றுநோய் அந்த மேடையில் இல்லை.

அடுத்த காட்சி ஒரு பரீட்சை. மைக்கேல் இசைக் கல்லூரியில் சேர்வதற்காக நடுவர்களின் முன் நிற்கிறான். ஒரு தடவை பாடியும், ஒரு தடவை ட்ரம்பெற் ஊதியும், ஒரு தடவை ஆடியும் தன் கதையைச் சொல்கிறான். ஒரே கதை, மூன்று விதம். அந்த முதல் மேடையேற்றத்தில் ட்ரம்பெற் ஊதியவர் ஸ்ரொக்ஹவுசனின் மகன் மார்க்குஸ். கேர்ட்ரூட்டின் பேரன், பாட்டியைக் கொண்டு போகும் கதைக்குள் நின்று ஊதுகிறார். இந்த நாடகத்தைப் பற்றி வாசித்தவற்றில் என் மனதை விட்டு அகலாதது இதுதான்.

கிழமை நாட்களின் பெயர்களை அவர் கோள்களோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார். நாங்களும் திங்கள், செவ்வாய், வியாழன், சனி என்று அப்படித்தானே சொல்கிறோம்? திங்கள் பெண்ணுக்கும் பிறப்புக்கும் உரிய நாள். அது ஏவாள் என்ற தாயின் நாடகம். சனி மரணத்தின் நாள். செவ்வாய் யுத்தத்தின் நாள். 1993இல் லைப்சிக் நகரில் மேடையேறிய அந்தச் செவ்வாய் நாடகத்தில் இரு படைகள் ட்ரம்பெற்றும் ட்றொம்போனும் ஏந்தி மோதுகின்றன, மேலிருந்து குண்டு விழும் ஒலி மண்டபமெங்கும் கேட்கிறது. அதன் நடுவே எல்லாம் அடங்கி, காயப்பட்ட ஊதுகலைஞனை ஒரு பெண் மடியிற் கிடத்தி வைத்துக்கொண்டு பாடுகிறாள். அவளுடைய குரலும் ஓர் ஊதுகருவியும் மட்டும். நீளமான பாட்டு. எமது ஒப்பாரியைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒரு காட்சி அந்நியமாக இருக்காது.

ஆசிரியராக அவர் எப்படி? 1953 தொடக்கம் டார்ம்ஸ்டாட் நகரில் நடந்த கோடைகால வகுப்புகளில் விரிவுரை செய்தார். 1971 முதல் 1977 வரை கொலோன் இசைக் கல்லூரியில் பேராசிரியர். இடிந்த நகரில் தாமே மாணவராக இருந்த அதே கல்லூரி. அவரிடம் படித்த வொல்ஃப்காங் றீம் தாமும் பெரிய இசையமைப்பாளராகவும் கார்ல்ஸ்றூ நகரில் பேராசிரியராகவும் விளங்கி 2024இல் காலமானார். குரு சொன்ன வழியிலேயே எல்லோரும் நடக்கவில்லை. உதவியாளராக இருந்த ஆங்கிலேயரான கோர்னேலியஸ் கார்டியூ 1974இல் ஆசிரியரையே கடுமையாகக் கண்டித்து ஒரு புத்தகம் வெளியிட்டார். சொந்தக் காலில் நிற்கக்கூடிய மாணவர்களை உண்டாக்கியிருக்கிறார் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன். 1998 முதல் தமது வீடு இருந்த கூர்ட்டன் என்ற சிறிய ஊரில் ஒவ்வொரு கோடையிலும் வகுப்பு நடத்தினார். அவர் காலமானதும் அந்த ஊரில்தான். கேட்பதுதான் அவருடைய பாடத்தின் அடிப்படை. ஓர் ஒலிக்குள் எத்தனை ஒலி இருக்கிறது என்று காது கொடுத்துப் பார்க்கச் செய்வார்.

இதற்கு நல்ல உதாரணம் 1968இல் அவர் செய்த ஆறு பாடகர்களுக்கான ஆக்கம். ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக ஆறு பேரும் ஒரே சுருதியையும் அதற்குள்ளிருந்து எழுகிற சுரங்களையும் மட்டுமே பாடுகிறார்கள். தம்புரா மீட்டிப் பழகியவர்களுக்கு இது விளங்கும். மந்திர ஸட்ஜத்தை மீட்டி அமைதியாகக் கேட்டால், அதற்குள்ளே யாரும் மீட்டாத பஞ்சமமும் அந்தர காந்தாரமும் மெல்லியதாகக் கேட்குமல்லவா? அதையே குரலாற் செய்வது. அமெரிக்காவில் ஒரு குளிர்காலத்தில், சிறிய வீடொன்றில் இருந்து இதை எழுதினார். இரவில்தான் அவருக்கு நேரம். பக்கத்து அறையில் இரண்டு கைக்குழந்தைகள். முதலிற் சத்தமாகப் பாடிப் பார்த்திருக்கிறார். குழந்தைகள் நித்திரை குழம்புகிறது என்று மனைவி மேரி சொன்னதால், வாய்க்குள்ளேயே முணுமுணுக்கத் தொடங்கினார். மெதுவாக முணுமுணுத்தபோதுதான் அந்த உள்ளொலிகள் அவருக்குத் தெளிவாகக் கேட்டன. மேரி ஓர் ஓவியர், புகழ்பெற்றவர். இந்த ஆக்கத்துக்குக் குழந்தைகளின் நித்திரையும் தாயின் கண்டிப்பும் காரணம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

எமது வகுப்பில் பெண்களுடன் இதைச் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம். சுருதிப்பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தொண்டையை இறுக்காமல், உங்களுக்கு வசதியான தாழ்ந்த சுரம் ஒன்றைப் பிடித்து, வாயை மூடி "ம்" என்று நில்லுங்கள். பிறகு அதே சுரத்தில் "ஊ" என்று திறந்து, உதட்டை மிக மெதுவாக விரித்து "ஓ", "ஆ", "ஏ", "ஈ" வரை போங்கள். சுரத்தை மாற்ற வேண்டாம். வாயின் வடிவம் மட்டும் மாறட்டும். மூச்சு முடிந்தால் நிறுத்தி, மறுபடி தொடங்குங்கள். கொஞ்ச நேரத்தில் உங்கள் குரலுக்கு மேலே, புல்லாங்குழல் போல மெல்லிய இன்னொரு ஒலி ஏறி இறங்குவது கேட்கும். எங்கள் வகுப்பில் முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒருவருக்குக் கேட்டது, பிறகு மற்றவர்களுக்கும். சத்தம் தேவையில்லை. பிள்ளை நித்திரையாக இருக்கும்போதும் செய்யலாம்.